ஒரே சீட்டில் மூன்று பெயர்கள்: பீதி, சமூகப் பதற்றம், மனச்சோர்வு

கேள்வி இதுதான்: "இரண்டு ஆண்டுகளாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, செத்துவிடுவேனோ என்று தோன்றுகிறது. நாலு பேர் முன்னால் பேசுவது சிறு வயதிலிருந்தே எனக்கு ஆகாது. ஆறு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை. மருத்துவர் பீதிக் கோளாறு, சமூகப் பதற்றக் கோளாறு, மனச்சோர்வு என்று மூன்றையும் எழுதியிருக்கிறார். எனக்கு இருப்பது மூன்று நோயா, ஒன்றா? எதற்கு முதலில் வைத்தியம் பார்ப்பது?"

உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. "சிறு வயதிலிருந்தே", "இரண்டு ஆண்டுகளாக", "ஆறு மாதமாக" என்று மூன்று காலக்குறிப்புகளை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூச்சம் முதலில், பீதி அடுத்து, சோர்வு கடைசியில். இந்த மூன்றும் சேர்ந்து வருபவர்களில் பலருக்கு ஏறக்குறைய இதே வரிசைதான். எத்தனை நோய் என்று எண்ணுவதைவிட, எது எதற்கு வழிவிட்டது என்று பார்ப்பதுதான் வைத்தியத்துக்கு உதவும். இத்தனை ஆண்டுகள் உளவியல் ஆலோசனையில் இருந்த பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அமெரிக்காவில் 2001 முதல் 2003 வரை 9,282 பேரைச் சந்தித்து எடுத்த தேசிய ஆய்வு ஒன்றில், வாழ்நாளில் ஒருமுறையாவது சமூகப் பதற்றக் கோளாறு வந்தவர்கள் சுமார் 12 சதவீதம், பீதிக் கோளாறு வந்தவர்கள் சுமார் 5 சதவீதம், மனச்சோர்வு வந்தவர்கள் சுமார் 17 சதவீதம். தொடங்கும் வயதைப் பாருங்கள்: சமூகப் பதற்றம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு 13 வயதுக்குள்ளேயே அது தொடங்கிவிட்டது. பீதிக் கோளாறு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தொடங்கியது 24 வயதுக்குள், மனச்சோர்வு வந்தவர்களில் பாதிப் பேருக்கு 32 வயதுக்குள். ஒன்று பள்ளிக்கூட வயதில் விதையாகிறது, மற்றொன்று வேலைக்குப் போகும் வயதில் முளைக்கிறது, மூன்றாவது அதற்குப் பிறகு. இந்த மூன்றும் ஒருவரிடமே சேர்வதும் தற்செயலாக நடக்கக்கூடியதைவிட மிக அதிகம். எனவே "எனக்கு மட்டும் ஏன் எல்லாம் சேர்ந்து வந்தது" என்று நொந்துகொள்ளாதீர்கள். சேர்ந்து வருவதுதான் இவற்றின் வழக்கம்.

பெயர்கள் ஏன் மூன்று என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1895-இல் ஃபிராய்டு பதற்றத்தை ஒரு தனி நோயாகப் பிரித்துக் காட்டியபோது, திடீர்த் தாக்கமும் நாள் முழுக்க நீடிக்கும் கவலையும் ஒரே கூட்டுக்குள்தான் இருந்தன. 1960-களின் முற்பகுதியில் டொனால்ட் கிளைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். இமிப்ரமின் என்ற மாத்திரை திடீர்த் தாக்கங்களை நிறுத்திவிட்டது. ஆனால் "அடுத்தது எப்போது வருமோ" என்ற பயம் அப்படியே நின்றது. ஒரே மருந்து ஒன்றைத் தொட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், இரண்டும் ஒன்றாக இருக்க முடியாதல்லவா? 1966-இல் இங்கிலாந்தில் ஐசக் மார்க்ஸும் மைக்கேல் கெல்டரும் வெவ்வேறு பயங்கள் எந்த வயதில் தொடங்குகின்றன என்று பார்த்து, சமூகப் பயத்தைத் தனியே எடுத்துக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு இரண்டையும் தனிப் பெயர்களாக அச்சிட்டது.

அந்தப் பதிப்பில் ஒரு படிநிலை விதியும் இருந்தது. மனச்சோர்வு இருந்து, அதன் போக்கில் பீதியும் வந்தால், பீதியைத் தனியே எழுத வேண்டியதில்லை. பெரியதற்குள் சிறியது அடங்கும். 1987-இல் வந்த திருத்தப் பதிப்பு இந்த விதியைப் பெருமளவு கைவிட்டது. அதே மனிதர், அதே துன்பம். முன்பு ஒரு பெயர் பெற்றிருப்பார், பின்பு மூன்று பெயர். உங்கள் சீட்டில் உள்ள எண்ணிக்கையில் ஒரு பங்கு கையேடு எழுதப்பட்ட விதத்தால் வந்தது. இதைச் சொல்வது உங்கள் துன்பத்தைக் குறைத்துக் காட்ட அல்ல. "மூன்று நோய்" என்று படித்ததும் மூன்று மடங்கு உடைந்துபோனதாக நீங்கள் நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்க வேண்டாம் என்பதற்காக.

ஆனாலும் பெயர்கள் வெறும் காகித வேலை அல்ல. 1991-இல் லீ ஆனா கிளார்க், டேவிட் வாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் இந்தப் பொதுமையையும் வேறுபாட்டையும் பிரித்துச் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் பயன்படுகிறது. பதற்றத்துக்கும் சோர்வுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்று: எளிதில் கலங்கும் மனம், கவலை, எரிச்சல், குற்ற உணர்வு, தூக்கக்கேடு. அதன் மேல் உடல் அளவுக்கு மீறி உஷாராகிப் படபடப்பது பதற்றத்துக்கே உரியது. மகிழ்ச்சி ஊறுவது நின்றுபோவது சோர்வுக்கே உரியது. பின்னால் வந்த ஆய்வுகள் இதில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தன: பதற்ற வகைகளுக்குள் சமூகப் பதற்றத்தில் மட்டும் அந்த மகிழ்ச்சிக் குறைவு நன்றாகவே தெரிகிறது. கூச்சத்துக்கும் சோர்வுக்கும் நடுவே ஒரு பக்கவாசல் இருப்பதுபோல. யோசித்தால் இதில் வியப்பில்லை. மனிதருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு மற்ற மனிதர்கள் வழியாக வருகிறது. அந்த வழியை அடைத்துவிட்டால் ஊற்று எங்கிருந்து வரும்?

இனி இந்த மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது என்று பார்ப்போம். வெளியே தெரியும் செயல் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வருகிறது, நீங்கள் போகவில்லை. ஏன் போகவில்லை? "அங்கே எனக்கு மயக்கம் வந்துவிட்டால், வெளியே ஓட வழியில்லாவிட்டால்" என்றால் அது பீதி. "என்னை எல்லோரும் பார்ப்பார்கள், குரல் நடுங்கும், முட்டாள் என்று நினைப்பார்கள்" என்றால் சமூகப் பதற்றம். "போய் என்ன ஆகப்போகிறது, எழுந்து உடை மாற்றவே முடியவில்லை" என்றால் சோர்வு. பீதி தன் உடலைப் பார்த்து அஞ்சுகிறது. சமூகப் பதற்றம் பிறர் கண்ணைப் பார்த்து அஞ்சுகிறது. சோர்வு அஞ்சுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கிறது.

இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் உதவுவது: தாக்கம் வரும் நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டுமா, வேண்டாமா? பீதிக் கோளாறு உள்ளவர் துணை தேடுவார். நம்பிக்கையான ஒருவர் கூட வந்தால் எங்கும் போவார். சமூகப் பதற்றம் உள்ளவருக்குத் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டால்தான் மூச்சு வரும். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுப்பும் தாக்கம் இருந்தால் பீதிக் கோளாற்றின் பக்கம் தராசு சாய்கிறது, ஏனென்றால் தூக்கத்தில் நம்மைப் பார்க்க யாருமில்லை. பேசிவிட்டு வந்த பிறகு இரவெல்லாம் "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று அதே காட்சியை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தால் அது சமூகப் பதற்றத்தின் கையெழுத்து.

இங்கே பலரும் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. பீதித் தாக்கம் வேறு, பீதிக் கோளாறு வேறு. பேச எழுந்தால் மட்டும் நெஞ்சு வெடிப்பதுபோல் இருக்கிறது, வேறெங்கும் வருவதில்லை என்றால் அது சமூகப் பதற்றத்தோடு வரும் பீதித் தாக்கம். பீதிக் கோளாறு என்று சொல்ல, காரணமே தெரியாமல் எதிர்பாராத நேரத்தில் தாக்கங்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும். அதன்பின் குறைந்தது ஒரு மாதமாவது "இன்னொன்று வந்துவிடுமோ" என்ற பயமோ, அந்தப் பயத்தால் நடை முறைகளில் மாற்றமோ இருக்க வேண்டும். கையேட்டின் 2013 பதிப்பு, பீதித் தாக்கத்தை எந்த நோயோடும் சேர்த்து எழுதக்கூடிய ஒரு குறிப்பாகவே ஆக்கிவிட்டது. உங்களுக்கு வரும் தாக்கங்களில் எத்தனை தனியே, எத்தனை பிறர் முன்னால் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மூன்று பெயர்களில் ஒன்று தானாகவே விலகினாலும் விலகலாம்.

ஓர் இளைஞரை நான் மறக்கவில்லை. பேச்சு முழுக்கத் தெளிவாக, மரியாதையாக இருந்தார். கைகள் மேசைக்கு அடியிலேயே இருந்தன. தண்ணீர் எடுத்துக் கொடுக்க நான் எழுந்தபோதுதான் பார்த்தேன்: வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தன. அரை மணி நேரமாகத் தன் நாடியை எண்ணிக்கொண்டே என்னோடு பேசியிருக்கிறார். அழுத்திய இடத்தில் தோல் வெளுத்துப் போயிருந்தது. நான் பார்த்ததைப் பார்த்ததும் முகம் சிவந்து, கைகளைப் பிரித்துக்கொண்டு, "இதையெல்லாம் சொல்லி என்ன பயன்" என்றார். நாடி பார்த்தது பீதி. மேசைக்கு அடியில் ஒளித்தது கூச்சம். கடைசியில் சொன்ன வார்த்தை சோர்வு. மூன்றும் ஒரே நிமிடத்தில், ஒரே ஜோடிக் கைகளில்.

ஒன்று மற்றொன்றை எப்படி ஊட்டி வளர்க்கிறது என்பதற்கு அந்தக் கைகளே சாட்சி. டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் (முன்பு சொன்ன லீ ஆனா கிளார்க் வேறு) 1986-இல் சொன்ன விளக்கம் இது: இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, அதை மாரடைப்பு என்று மனம் படித்துக்கொள்கிறது, அந்த நினைப்பே அட்ரினலினைச் சுரக்க வைத்து இதயத்தை இன்னும் விரட்டுகிறது, பார், நான் நினைத்தது சரிதான் என்று மனம் முடிவு கட்டுகிறது. மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கி, தலை கிறுகிறுக்கிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. பயமூட்டும் உணர்வுதான். ஆனால் மயங்கி விழுவதற்கு இரத்த அழுத்தம் சரிய வேண்டும். பீதியில் அது பெரும்பாலும் ஏறத்தான் செய்கிறது. எத்தனையோ முறை "இதோ விழப்போகிறேன்" என்று நினைத்தும் நீங்கள் விழாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

1995-இல் அதே கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் சமூகப் பதற்றத்துக்குச் சொன்ன விளக்கமும் இதன் உடன்பிறப்பு. பிறர் முன்னால் நிற்கும்போது கவனம் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. என் முகம் சிவக்கிறதா, கை நடுங்குகிறதா என்று உள்ளே ஒரு காவலாளி. உள்ளே உணர்வதெல்லாம் வெளியே தெரிகிறது என்று பதற்றம் உள்ளவர் நம்புகிறார். இப்போது அந்தக் காவலாளிக்குப் பீதியும் அறிமுகமாகிவிட்டால்? முன்பு "நான் உளறுவேன்" என்று பயந்தவர், இப்போது "எல்லோர் முன்னாலும் எனக்குத் தாக்கம் வந்துவிடும்" என்று பயப்படுகிறார். இரண்டு பயங்களும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன.

அடுத்து வருவது தவிர்த்தல். முதலில் மேடை, பிறகு கூட்டம், பிறகு பஸ், பிறகு தொலைபேசி அழைப்பு. ஒவ்வொன்றையும் தவிர்த்ததும் கிடைக்கும் நிம்மதி உண்மையானது. அதனால்தான் அது ஆபத்தானது. வாழ்க்கை ஓர் அறை அளவுக்குச் சுருங்கியபின் அந்த அறையில் சோர்வு வந்து உட்காருகிறது. உங்கள் ஆறு மாதம் அநேகமாக இப்படித்தான் தொடங்கியிருக்கும். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நீங்களே சொல்லிக்கொண்டாலும் நம்பாதீர்கள். சோர்வு வந்தபின் பயத்தை எதிர்கொள்ளத் தெம்பு குறைகிறது, ஆகவே தவிர்த்தல் கூடுகிறது, வட்டம் மூடிவிடுகிறது. (மதுவைப் பற்றி ஒரே வரி: கூட்டத்துக்குப் போகுமுன் தைரியத்துக்காகத் தொடங்கும் பழக்கம், மறுநாள் காலையில் பதற்றத்தையும் சோர்வையும் இரட்டிப்பாக்கித் திருப்பித் தருகிறது.)

வைத்தியத்துக்கு முன் உடலைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, இரத்தச் சர்க்கரை இறங்குவது, அளவுக்கு மீறிய காப்பி, சில மருந்துகள் ஆகியவை பீதி போலவே வேடம் போடும். ஒருமுறை இ.சி.ஜி., ஒருமுறை இரத்தப் பரிசோதனை போதும். அறிகுறி மாறாத வரையில், சரியாக இருக்கிறது என்று வந்தபின் மாதாமாதம் திரும்பச் செய்துகொள்வது பீதிக்குத் தீனி போடுவது. இன்னொன்றையும் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: தூக்கமே தேவைப்படாமல் பல நாள் அளவுகடந்த உற்சாகத்தோடு திரிந்த காலம் எப்போதாவது உண்டா? இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை எதிர்த்திசையில் எகிறிவிடலாம்.

எதை முதலில் என்று கேட்டீர்கள். உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், சாப்பிடவோ எழவோ முடியாத நிலை என்றால், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து முதலில் சோர்வு. சோர்வோடு கடும் பதற்றமும் சேரும்போது தற்கொலை ஆபத்து கூடுகிறது. அப்படி எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அப்படி இல்லை, நாட்களை ஒருவாறு தள்ள முடிகிறது என்றால், பீதியை முதலில் எடுக்கச் சொல்வேன். மூன்றில் வேகமாக வழிக்கு வருவது அது. பத்துப் பன்னிரண்டு சிகிச்சை அமர்வுகளில் தெளிவான மாற்றத்தைக் காண முடியும். அந்த ஒரு வெற்றி மற்ற இரண்டோடும் மோதுவதற்கான தெம்பைத் தருகிறது. சமூகப் பதற்றம் மெதுவாகத்தான் இளகும், பிள்ளைப் பருவத்திலிருந்தே கூட வளர்ந்ததல்லவா. எல்லா மருத்துவர்களும் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; சமூகப் பதற்றமே வேர், அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. உங்கள் வாழ்க்கையை அதிகம் சுருக்குவது எது என்று நீங்கள் சொல்வதும் இதில் ஒரு வாக்கு.

மாத்திரையில் நல்ல செய்தி: எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற சோர்வெதிர்ப்பு வகை மருந்துகள் மூன்றுக்கும் பயன்படுகின்றன, ஆகவே மூன்று நோய்க்கு மூன்று மாத்திரை தேவையில்லை. ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பீதி உள்ளவர்களுக்கு முதல் வாரத்தில் படபடப்பு கூடவும் செய்யும், அதனால்தான் விவரமறிந்த மருத்துவர் வழக்கத்தைவிடக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார். பலர் மூன்றாம் நாளே "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள்; இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததுதான் காரணம். 25 வயதுக்குக் குறைந்தவர்களை முதல் வாரங்களில் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை அந்த வயதினருக்கு உண்டு. அல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகள் அரை மணி நேரத்தில் அமைதி தரும், தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிப் பிடித்துக்கொள்ளும். எதையும் திடீரென்று நீங்களாக நிறுத்தக் கூடாது.

சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் பீதிக்குச் செய்வது பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும். சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றச் சொல்வோம். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொல்வோம். நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வோம். பயந்த அதே கிறுகிறுப்பு, அதே மூச்சுத்திணறல், அதே படபடப்பு, ஆனால் இப்போது உங்கள் கையாலேயே வரவழைத்தது. வந்து, ஏறி, எதுவும் ஆகாமல் இறங்குவதை உடல் நேரில் கற்றுக்கொள்கிறது. சமூகப் பதற்றத்துக்கு, நீங்கள் பேசுவதைப் பதிவுசெய்து உங்களுக்கே காட்டுவோம். உள்ளே நில நடுக்கம்போல் இருந்தது வெளியே எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்று பார்த்துப் பலர் நம்ப மறுக்கிறார்கள். சோர்வுக்கு, மனம் வரட்டும் என்று காத்திராமல் சிறு வேலைகளை நேரம் குறித்துச் செய்வது. செயல் முன்னால் போனால் மனநிலை பின்னால் வரும். பெயர் வேறுவேறு என்றாலும் மூன்றும் தவிர்த்தலை எதிர்த்துச் செய்யும் வேலைதான். டேவிட் பார்லோ என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் இந்தப் பொதுமையைக் கண்டுதான் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுச் சிகிச்சை முறையை வகுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஆழமாக மூச்சு இழுத்துவிடு" என்று எல்லோரும் சொல்வார்கள். தாக்கத்தின் நடுவே வேகவேகமாக ஆழமூச்சு விட்டால் கரியமில வாயு இன்னும் இறங்கி, கிறுகிறுப்பு கூடும். மெதுவாக, வயிற்றால், வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கும்படி விடுவது சரி. ஆனால் அதையும் "இதைச் செய்யாவிட்டால் செத்துவிடுவேன்" என்று செய்தால் அது மணிக்கட்டில் வைத்த விரல்போல ஆகிவிடும்.

கடைசியாக, மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சமூகப் பதற்றம் உள்ளவருக்கு மருத்துவரே அந்த நாலு பேரில் ஒருவர்தான். முதலில் சொன்ன அதே அமெரிக்க ஆய்வில், பதற்றக் கோளாறு தொடங்கியதற்கும் முதன்முதலாகச் சிகிச்சைக்குப் போனதற்கும் நடுவே, வகையைப் பொறுத்து, 9 முதல் 23 ஆண்டுகள் வரை இடைவெளி இருந்தது. அந்த இளைஞர் இரண்டு மருத்துவர்களிடம் பீதியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, கூச்சத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு வந்தவர். எனவே ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு இழுத்து, சிறு வயது, இரண்டு ஆண்டு, ஆறு மாதம் என்று மூன்று புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். மடித்துக் கொண்டுபோய் மேசையில் வைத்து, "இதைப் படியுங்கள்" என்றால் போதும். அவர் படித்து முடிக்கும்வரை நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.